உறைந்த இடத்தில் உறையாத நீர்: பனிக்குள் வாழும் நுண்ணுயிர்களும் வேற்றுலக உயிர்த் தேடலும்

"அண்டார்டிகா பனிக்கு அடியில் உயிர்கள்" என்று ஒரு செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். ஒரு தரப்பு, "ஐஸில் போட்டால் எதுவும் செத்துத்தானே போகும், இதென்ன கதை" என்று தள்ளிவிடும். இன்னொரு தரப்பு ஒரே தாவலில், "அப்படியென்றால் வியாழனின் நிலாவிலும் உயிர் இருக்கிறது, நாசா மறைக்கிறது" என்று முடித்துவிடும். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை நம் கடற்கரை ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினாலும் சரி, வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களைப் பார்த்தாலும் சரி, இந்த இரண்டும்தான் காதில் விழுகின்றன.

இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. பனி என்றால் முழுக்க உறைந்துபோன, கல் போன்ற ஒன்று என்று நினைக்கிறார்கள். உண்மையில் பனிக்கு நடுவே உறையாத நீர் இருக்க முடியும். உயிர் இருப்பது அந்த நீரில்தான். இது பிடிபட்டுவிட்டால், அண்டார்டிகாவில் ஏன் உயிர் இருக்கிறது என்பதும், வியாழனின் நிலாவைப் பற்றி இப்போதைக்கு எவ்வளவு தூரம்தான் சொல்ல முடியும் என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

ஐஸ் கம்பெனித் தொட்டிக்குள்

மீன்பிடி ஊர்களில் ஐஸ் கம்பெனி இல்லாமல் தொழில் நடக்காது. கட்டி ஐஸ் செய்யும் கம்பெனிக்குள் போனால், நாம் நடக்கும் தரை மரப் பலகையாக இருக்கும். அது உண்மையில் ஒரு பெரிய தொட்டியின் மூடி. ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே நீளமான தகரக் கேன்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கேனுக்குள் சாதாரணத் தண்ணீர். கேனைச் சுற்றி, தொட்டி முழுக்க, உப்பைக் கரைத்த நீர். குளிரூட்டும் குழாய்கள் அந்த உப்புநீரைத்தான் குளிர வைக்கின்றன. அது மைனஸ் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்.

ஒரே தொட்டிதான். கேனுக்குள் இருக்கும் தண்ணீர் கல்லாக உறைகிறது. அதை உறைய வைக்கிற உப்புநீரோ அதைவிடக் குளிராக இருந்தும் உறையாமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. சுழியத்துக்குக் கீழே போனால் தண்ணீர் உறைந்துவிடும் என்பது நல்ல தண்ணீருக்கு மட்டுமே பொருந்தும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

இன்னொன்றும் அங்கேயே பார்க்கலாம். உறைந்த கேனைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஓரங்களில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். நடுவில் மட்டும் மேலிருந்து கீழ் வரை வெள்ளையாக ஒரு தண்டு ஓடும். தண்ணீர் உறைவது கேனின் சுவரில் தொடங்கி உள்நோக்கி வருகிறது. அப்படி வரும்போது நீரில் கரைந்திருந்த காற்று, உப்பு, அழுக்கு எல்லாவற்றையும் பனி முன்னால் தள்ளிக்கொண்டே வருகிறது. கடைசியில் அவை ஒதுங்க இடமில்லாமல் நடுவில் சிக்கிக்கொள்கின்றன. அந்த வெள்ளை அதுதான். நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. அப்படிப்பட்ட நீரில் ஐஸ் செய்தால் ஓரத்தைவிட நடுப்பகுதி உருகிய நீரில்தான் உப்பு கூடுதலாக இருக்கும்.

ஏன் தள்ளுகிறது? பனி என்பது ஒரு படிகம். படிகம் என்றால் துகள்கள் ஒரே ஒழுங்கில், திரும்பத் திரும்ப அதே வரிசையில் அடுக்கப்பட்ட திடப்பொருள். நீர்த்துகள்கள் அந்த வரிசையில் ஒழுங்காகக் கைகோத்து நிற்கும்போது உப்புத் துகளுக்கு அங்கே இடமே கிடைப்பதில்லை. அதனால் அது வெளியே விடப்படுகிறது. வெளியே மீந்த நீரில் உப்பு கூடக் கூட, நீர்த்துகள்கள் ஒன்றுசேர்ந்து வரிசை கட்டுவது கடினமாகிறது. அதை உறைய வைக்க இன்னும் குளிர் தேவைப்படுகிறது. சாப்பாட்டு உப்பை வேண்டிய அளவு கரைத்தால் மைனஸ் 21 டிகிரி வரை நீர் நீராகவே இருக்கும்.

கடலே உறையும்போது

இப்போது அண்டார்டிகாவுக்குப் போவோம். அங்கே குளிர்காலத்தில் உறையும் கடற்பரப்பு ஏறக்குறைய 1.8 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், அது மைனஸ் 1.9 டிகிரி அளவில்தான் உறையத் தொடங்குகிறது. உறையும்போது ஐஸ் கேனுக்குள் நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது: பனி உப்பைத் தள்ளுகிறது. ஆனால் கடற்பனி வேகமாகவும் தாறுமாறாகவும் வளர்வதால், தள்ளப்பட்ட உப்பு முழுதும் ஓடிப்போக முடிவதில்லை. பனிப் படிகங்களுக்கு இடையே சின்னச் சின்ன அறைகளிலும் மயிரிழைக் குழாய்களிலும் அது தங்கிவிடுகிறது. இந்த மிகையான உப்புநீரை இனி செறிநீர் என்று குறிப்பிடுகிறேன். கடலைவிட உப்பு அதிகமான, அதனால் உறையாமல் தப்பிய நீர் என்பதுதான் இதற்குப் பொருள்.

பனி மைனஸ் 10 டிகிரிக்குப் போனால் அந்த அறைகள் சுருங்குகின்றன. உள்ளே இருக்கும் செறிநீரின் உப்பு கடலைப் போல் நான்கு மடங்காகிறது. இன்னும் குளிர்ந்தால் இன்னும் சுருக்கம், இன்னும் உப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே வெள்ளைப் பாறை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓடைகள் பின்னிக் கிடக்கின்றன.

அந்த ஓடைகள் காலியாக இல்லை. டயாட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் அங்கே கூட்டமாக வாழ்கின்றன. பனியை உடைத்துப் புரட்டினால் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் இருப்பது இவற்றால்தான். வெள்ளைப் பனியின் அடியில் டீத்தூள் கறை மாதிரி படிந்திருக்கும் அந்தப் பழுப்பைக் கிரில் எனப்படும் சின்ன இறால் வகை மேய்கிறது. கிரிலைத் தின்று பெங்குவினும் திமிங்கிலமும் வாழ்கின்றன. ஆக, பனிக்குள் உயிர் என்பது ஏதோ ஆய்வகத்தில் மட்டும் தென்படும் அதிசயம் இல்லை. ஒரு பெருங்கடலின் சாப்பாட்டுக் கணக்கே அதில் அடங்கியிருக்கிறது.

இதுவரை வந்ததைக் கோத்துப் பார்த்தால்: பனி உறையும்போது உப்பைத் தள்ளுகிறது, தள்ளப்பட்ட உப்பு, மீந்த நீரை உறையவிடாமல் வைக்கிறது, அந்த நீரில் உயிர் வாழ்கிறது. "பனியில் வாழும் உயிர்" என்று சுருக்கமாகச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

குளிரில் வாழ்வது என்றால் என்ன

நுண்ணுயிர் என்றால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உயிர். அதில் குளிரை வெறுமனே தாங்குவது ஒரு வகை, குளிரையே விரும்புவது ஒரு வகை. குளிர்விரும்பி என்பது 15 டிகிரிக்குக் கீழே நன்றாக வளர்ந்து, 20 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுபோகும் நுண்ணுயிர். மன்னார் வளைகுடா நீரின் வெப்பம் பெரும்பாலும் 26-லிருந்து 31 டிகிரி வரை. அதில் ஒரு குளிர்விரும்பியைக் கொண்டுவந்து விட்டால் சூடு தாங்காமலே அதன் கதை முடிந்துவிடும்.

குளிர் தாங்கும் வகையை நாம் தினமும் சந்திக்கிறோம். ஐஸ் போட்டுப் பெட்டியில் வைத்த மீனும் நாளானால் கெடுகிறது. ஐஸில் எதுவும் பிழைக்காது என்றால் அது ஏன் கெட வேண்டும்? சூடோமோனாஸ், ஷிவனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சுழியத்தை ஒட்டிய குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியவை. நாள்பட்ட மீனின் அந்தக் குப்பென்ற வாடை, மீனின் தசையில் இயல்பாக இருக்கும் ஒரு பொருளை ஷிவனெல்லா போன்றவை உடைத்து டிரைமெத்திலமின் என்ற வேதிப்பொருளாக மாற்றுவதால் எழுவது. நம் கடல் மீனின் மேல் இருக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை வெதுவெதுப்புக்குப் பழகியவை. ஐஸ் பட்டதும் அடங்கிவிடும். வடகடல் மீனின் மேல் இருப்பவை ஏற்கெனவே குளிருக்குப் பழகியவை. அதனால்தான் பொதுவாக வெப்பக் கடல் மீன் ஐஸில் கூடுதல் நாள் தாங்குகிறது. பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கிற எவருக்கும் குளிரில் உயிர் வேலை செய்கிறது என்பது தெரியும், பெயர்தான் தெரியாது.

குளிரில் ஒரு செல்லுக்கு என்ன சிக்கல்? முதலாவது, அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வு குளிரில் விறைத்துவிடும். விறைத்தால் உணவு உள்ளே வராது, கழிவு வெளியே போகாது. குளிர்விரும்பிகள் எளிதில் விறைக்காத வகைக் கொழுப்பைச் சவ்வில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கின்றன. இரண்டாவது, நொதி. செல்லுக்குள் நடக்கும் வேதிவேலைகளைத் துரிதப்படுத்தும் புரதத்துக்கு அந்தப் பெயர். குளிரில் சாதாரண நொதி இறுகிப்போய் மந்தமாகிவிடும். குளிர்விரும்பியின் நொதி வளைந்து கொடுக்கும் தன்மையுள்ளது. அதற்கு விலையாகச் சிறு சூட்டிலேயே குலைந்துவிடும். மூன்றாவது, பனிப் படிகமே கத்தி. அது வளர்ந்து செல்லைக் கிழித்துவிடாமல் இருக்க, படிகத்தின் மேல் ஒட்டி அதன் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் புரதங்களைச் சில உயிர்கள் சுரக்கின்றன. சில, தம்மைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு பசையைப் பூசிக்கொள்கின்றன.

இவை போதாதென்று உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பு மட்டும் என்றால் சமாளிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு; உப்பளப் பாத்தியில் நீர் வற்றி உப்பு கெட்டிப்படும் கட்டத்தில் இளஞ்சிவப்பு ஏறுவது அப்படிப்பட்டவற்றால்தான். செறிநீரில் இருப்பவை உப்பையும் குளிரையும் ஒன்றாகத் தாங்க வேண்டும். அது கடினம். ஆனால் நடந்திருக்கிறது. அலாஸ்காவின் கடற்பனியில் எடுத்த சைக்ரோமோனாஸ் இங்ரஹாமி என்ற பாக்டீரியா மைனஸ் 12 டிகிரியில் வளர்கிறது. கனடாவின் வடகோடியில், ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் மண்ணிலிருந்து எடுத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோபிலஸ் மைனஸ் 15 டிகிரியில் பெருகுகிறது, மைனஸ் 25 டிகிரியிலும் அதன் உடல்வேலை நிற்கவில்லை என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டுப் பங்கும் இதில் உண்டு. அண்டார்டிகாவில் 1989 முதல் இயங்கும் இந்தியாவின் மைத்ரி நிலையம் ஷிர்மாக்கர் என்ற பாறைப் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியிலிருந்து ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள் புதிய பாக்டீரியா இனங்களைக் கண்டறிந்து உலகுக்கு விவரித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "உயிரோடு இருக்கிறது" என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு நிலைகளைச் சொல்லிவிடுகிறோம். ஒன்று, தின்று வளர்ந்து பெருகுவது. அடுத்தது, பெருகாமல், கிடைக்கும் கொஞ்ச ஆற்றலில் உடைந்ததை மட்டும் சரிசெய்துகொண்டு காலம் தள்ளுவது. மூன்றாவது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உறங்குவது. ஆய்வகங்களில் பாக்டீரியாவைக் கிளிசரின் கலந்து மைனஸ் 80 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் சேமித்து, வேண்டும்போது எடுத்து வளர்ப்பது வழக்கமான வேலை. ஆனால் மைனஸ் 80-ல் அது வாழவில்லை, உறங்குகிறது. உறங்கும் ஒன்று பெருகாது, பரிணமிக்காது. "மைனஸ் இத்தனை டிகிரியிலும் உயிர்" என்று எங்காவது படித்தால், மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள். பாதி மிகைப்படுத்தல் அங்கேயே விழுந்துவிடும்.

வெயில் இல்லாத இடத்தில் சாப்பாடு

கடற்பனி மெல்லியது, வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும், பாசி அதை வைத்துப் பிழைக்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் பனிக்கு அடியில்?

2013 ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள் மேற்கு அண்டார்டிகாவில் சுமார் 800 மீட்டர் பனியைச் சூடான நீரால் துளைத்து, அடியில் இருக்கும் வில்லன்ஸ் ஏரியை அடைந்தார்கள். பனிப்பாளத்தின் பாரமும் பூமிக்குள்ளிருந்து வரும் சூடும் சேர்ந்து அடிப்பனியை உருக்கி வைத்திருக்கும் ஏரி அது. ஒரு மில்லிலிட்டர் நீரில் ஏறக்குறைய 1,30,000 செல்கள் இருந்தன. கும்மிருட்டில் அவை என்ன தின்கின்றன? ஏரியின் அடியில் பழைய கடல் படிவு இருக்கிறது. அதிலிருந்து வரும் அம்மோனியம் போன்றவற்றை ஆக்சிஜனோடு சேர்த்து, அதில் வெளிப்படும் ஆற்றலை எடுத்துக்கொள்ளும் நுண்ணுயிர்கள் அங்கே இருந்தன. இதற்கு வேதிச்சேர்க்கை என்று பெயர்: வெயிலுக்குப் பதிலாக வேதிமாற்றத்தின் ஆற்றலைக் கொண்டு உணவு ஆக்கிக்கொள்வது. 1977-ல் பசிபிக்கில் காலபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஆழ்கடல் தரையின் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி இதை நம்பி வாழும் கூட்டங்களைக் கண்டபோதுதான், சூரியன் இல்லாமலும் ஒரு வாழ்விடம் நடக்கும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அதே அண்டார்டிகாவில் டெய்லர் பனியாற்றின் முனையில் இரத்தச் சிவப்பாக ஒரு கசிவு வழிகிறது. 1911-ல் பார்க்கப்பட்டது. பனிக்கு அடியில் அடைபட்ட இரும்புச் சத்துள்ள செறிநீர் வெளிக்காற்றைத் தொட்டதும் துருப்பிடிப்பதால் வரும் சிவப்பு அது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இரும்பையும் சல்பேட்டையும் வைத்துக் காலம் தள்ளுகின்றன. வீடா என்ற இன்னொரு ஏரியில் கடலைப் போல் ஆறு மடங்கு உப்பு, மைனஸ் 13 டிகிரி குளிர். அங்கேயும் பாக்டீரியா இருப்பது 2012-ல் தெரியவந்தது.

ஆக, குளிரில் உயிருக்கு வேண்டியவை உறையாத நீர், ஏதோ ஒரு வழியில் வரும் ஆற்றல், உடல் கட்டக் கார்பன், பாஸ்பரஸ் போன்ற மூலப்பொருள்கள். வெயில் கட்டாயமில்லை. குளிர், ஒரு எல்லை வரை, தடையில்லை.

வியாழனின் நிலாவும் சனியின் நிலாவும்

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தால் இரண்டு இடங்கள் முன்னால் வந்து நிற்கின்றன.

யூரோப்பா வியாழனின் நிலா. குறுக்களவு சுமார் 3,120 கிலோமீட்டர், நம் நிலாவைவிடக் கொஞ்சம் சிறியது. மேற்பரப்பு முழுக்கப் பனி. அங்கே குளிர் நடுக்கோட்டிலேயே மைனஸ் 160 டிகிரியை ஒட்டி. அந்தக் குளிரில் எந்த உப்பு போட்டாலும் நீர் நீராக இருக்காது. அப்படியிருக்க, அதற்கு அடியில் கடல் இருக்கிறது என்று ஏன் நம்புகிறோம்?

காரணம், ஓத வெப்பம். ஒரு பெரிய கோளின் ஈர்ப்பு ஒரு நிலாவை மாறி மாறி இழுத்து விடும்போது உள்ளே ஏற்படும் உராய்வுச் சூட்டுக்கு அந்தப் பெயர். நம் நிலா பூமியை இழுப்பதால் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் நீர் ஏறி வற்றுகிறது. அது சின்ன ஏற்றம். யூரோப்பாவை இழுப்பது வியாழன், கோள்களிலேயே பெரியது. யூரோப்பா அதை மூன்றரை நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அந்தப் பாதை சரியான வட்டமாக இருந்தால் இழுப்பு ஒரே சீராக இருக்கும், சூடு பிறக்காது. ஆனால் பக்கத்தில் ஐயோ, கானிமீட் என்று இரண்டு நிலாக்கள். யூரோப்பா இரண்டு சுற்று முடிக்கும்போது ஐயோ நான்கும் கானிமீட் ஒன்றும் முடிக்கின்றன. இந்தத் தாளக்கட்டு தவறாமல் நடப்பதால் அவை யூரோப்பாவை ஒரே இடங்களில் திரும்பத் திரும்ப இழுத்து, பாதையை வட்டமாக விடாமல் வைத்திருக்கின்றன. அதனால் யூரோப்பா வியாழனுக்குக் கொஞ்சம் நெருங்குகிறது, கொஞ்சம் விலகுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் உடல் பிசையப்படுகிறது. உள்ளே கடல் இருந்தால் அதன் பனிமேலோடு சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய 30 மீட்டர் ஏறி இறங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பிசைவின் சூடுதான் அடிநீரை உறையவிடாமல் காக்கிறது.

இது ஊகம் மட்டும் இல்லை. 1995 முதல் 2003 வரை வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலம் யூரோப்பாவைக் கடந்தபோது, அதன் உள்ளே மின்சாரம் கடத்தும் ஒரு அடுக்கு இருப்பதை, காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காந்தமானி காட்டியது. வெறும் பனி மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. உப்புக் கரைந்த நீர் கடத்தும். ஆக, அந்தக் கடலைக் கண்ணால் யாரும் பார்க்கவில்லை. அதன் உப்புதான் அதைக் காட்டிக்கொடுத்தது. பூமியின் கடல்களையெல்லாம் சேர்த்தால் வருவதைப் போல் இரண்டு மடங்கு நீர் அங்கே இருக்கலாம் என்பது மதிப்பீடு. மேலே மூடியிருக்கும் பனியின் கனம் 20 கிலோமீட்டர் அளவில் இருக்கலாம். பூமியில் மனிதன் பனியில் துளைத்த மிக ஆழமான குழிகளில் ஒன்றான, அண்டார்டிகாவின் வோஸ்டாக் துளை நான்கு கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. இதை நினைத்தால் "நேரே போய்த் துளைத்துப் பார்க்க வேண்டியதுதானே" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

சனியின் நிலா என்செலடஸ் வேறு மாதிரி. குறுக்களவு 500 கிலோமீட்டர்தான், ஏறக்குறைய இராமநாதபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் சாலைத் தூரம். ஆனால் அது தன் கடலைத் தானே வெளியே பீய்ச்சுகிறது. தென்முனையின் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குள் எழுவதை 2005-ல் காசினி விண்கலம் கண்டது. பிறகு அந்தத் தூவலுக்குள்ளேயே பறந்து மாதிரி எடுத்தது. துகள்களில் உப்பு இருந்தது. அதாவது உள்ளே உவர்க்கடல். கடலடிப் பாறையில் சுடுநீர் படும்போது உண்டாகும் நுண்ணிய சிலிக்கா இருந்தது. 2017-ல் ஹைட்ரஜன் வாயு இருப்பது அறிவிக்கப்பட்டது. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேன் ஆக்கி அந்த ஆற்றலில் வாழும் நுண்ணுயிர்கள் பூமியில் ஏராளம், ஆகவே இது சாப்பாடு இருப்பதற்கான அடையாளம். காசினியின் பழைய தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது 2023-ல் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட்டும் தென்பட்டது.

நீர், ஆற்றல், மூலப்பொருள்: என்செலடஸில் மூன்றுமே இருக்கின்றன. உயிர் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமா? இல்லை. ஏன் இல்லை என்பதுதான் எனக்கு இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி.

வாழ்வது வேறு, தோன்றுவது வேறு

அண்டார்டிகாவின் நுண்ணுயிர்கள் பனிக்குள் பிறந்தவை அல்ல. அந்தக் கண்டம் பனியால் மூடப்படத் தொடங்கியது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அதற்கு முன்பு அங்கே காடே இருந்தது. பூமி முழுக்க உயிர் நிறைந்து கிடந்தபோது குளிர் மெல்ல மெல்ல வந்தது. இருந்தவற்றில் தாங்கியவை தங்கின. காற்றும் கடலும் புதியவற்றைக் கொண்டுவந்து சேர்த்தபடியே இருக்கின்றன. வில்லன்ஸ் ஏரியில் இருப்பவை தின்பதுகூடப் பழைய கடல் விட்டுப்போன படிவைத்தான்.

யூரோப்பாவுக்கும் என்செலடஸுக்கும் அப்படிக் குடிவர அக்கம்பக்கம் எதுவும் இல்லை. அங்கே உயிர் இருக்க வேண்டுமென்றால் அங்கேயே உயிரற்ற பொருளிலிருந்து தோன்றியிருக்க வேண்டும். உயிர் எப்படித் தோன்றுகிறது என்பது பூமியைப் பொறுத்தே இன்னும் முழுதாக விடை கிடைக்காத கேள்வி. அண்டார்டிகா நமக்குச் சொல்வது, "உயிர் வந்துவிட்டால் இப்படிப்பட்ட இடத்தில் பிழைக்கும்" என்பதை மட்டுமே. "இப்படிப்பட்ட இடத்தில் உயிர் வரும்" என்று அது சொல்லவில்லை. "பனிக்கடல் இருக்கிறது, ஆகவே ஏலியன் இருக்கிறது" என்ற தாவல் விழுவது சரியாக இந்த இடைவெளியில்.

இதை மறுபக்கம் திருப்பிப் பார்த்தால் தேடலின் மதிப்பும் விளங்கும். அங்கே ஒரே ஒரு பாக்டீரியா, நம் உயிர்களோடு தொடர்பில்லாமல் தனியாகத் தோன்றியது என்று உறுதிப்பட்டால், ஒரே சூரியக் குடும்பத்தில் உயிர் இரண்டு தடவை தோன்றியிருக்கிறது என்றாகிவிடும். அப்புறம் கோடிக்கணக்கான மற்ற விண்மீன்களைப் பற்றி நாம் நினைப்பதே மாறிப்போகும். இவ்வளவு செலவும் பொறுமையும் அந்த ஒரு விடைக்காகத்தான். நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

எதைக் கண்டால் நம்பலாம்

"கரிமப் பொருள் கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வந்தால் உயிர் கிடைத்துவிட்டது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கரிமப் பொருள் என்பது கார்பன் அடிப்படையிலான சேர்மம், அவ்வளவே. உயிர் இல்லாமலும் அது உண்டாகும். பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்த 121.6 கிராம் மண்ணில் பல அமினோ அமிலங்கள் இருந்தன. அமினோ அமிலம் என்றால் புரதத்தின் கட்டுமானத் துண்டு. அதே மண்ணில் உப்புகளும் இருந்தன. பென்னுவின் தாய்க்கோளில் ஒரு காலத்தில் செறிநீர் இருந்து, அது வற்ற வற்ற ஒவ்வொரு உப்பாகப் படிந்திருக்கிறது. வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக்காரர்களுக்கு இது பழக்கமான விஷயம். கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சம் படியும், பிறகு சாப்பாட்டு உப்பு விளையும், கடைசியில் கசக்கும் நீர் மிஞ்சும். பாத்தியில் எது படிந்திருக்கிறது என்பதை வைத்து நீர் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று சொல்ல முடிவது போலத்தான் பென்னுவின் உப்புகளையும் படித்தார்கள். நீர் இருந்தது, உப்பு இருந்தது, அமினோ அமிலம் இருந்தது. ஆனாலும் அது உயிருக்கான சான்று இல்லை.

வேறு என்ன வேண்டும்? ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பெரும்பாலான அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்களில் அமையும். உயிரற்ற வேதிவினை இரண்டையும் ஏறக்குறைய சம அளவில் உண்டாக்கும். பூமியின் உயிர்களோ புரதம் கட்ட இடக்கை வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. பென்னுவில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. நாளை என்செலடஸின் தூவலில் ஒரு பக்கம் மட்டும் ஓங்கியிருந்தால், அப்போது நிமிர்ந்து உட்காரலாம். அதோடு வேறு அடையாளங்களும் ஒத்துப்போக வேண்டும். ஒற்றைச் சான்றை நம்பி ஓடக் கூடாது என்பதற்குப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. 1984-ல் அண்டார்டிகாவில் கிடைத்த, செவ்வாயிலிருந்து வந்து விழுந்த விண்கல் ஒன்றில் நுண்ணுயிர்ப் படிமம் இருப்பதாக 1996-ல் அறிவித்தார்கள். அமெரிக்க அதிபரே அதைப் பற்றிப் பேசினார். அந்த அடையாளங்கள் ஒவ்வொன்றையும் உயிர் இல்லாமலே விளக்க முடியும் என்று பிறகு காட்டினார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த முடிவை ஏற்பதில்லை.

இன்னொரு கவலை, நாம் கொண்டுபோகும் கிருமி. அண்டார்டிகா பனிக்கு அடியில் இருக்கும் வோஸ்டாக் ஏரிக்கான துளையை உறையாமல் வைக்க மண்ணெண்ணெய் கலந்த திரவத்தை நிரப்பியிருந்தார்கள். அதனால் அங்கே கிடைத்த நுண்ணுயிர் ஏரியுடையதா, துளையுடையதா என்ற சந்தேகம் தீரவே இல்லை. வில்லன்ஸில் துளைக்கும் நீரையே வடிகட்டி, புறஊதா ஒளியில் காட்டிச் சுத்தம் செய்த பிறகே பயன்படுத்தியது இந்தப் படிப்பினையால்தான். எரிபொருள் தீரும் தறுவாயில் கலிலியோவை 2003-ல் வியாழனுக்குள்ளும், காசினியை 2017 செப்டம்பரில் சனிக்குள்ளும் விழவைத்து எரித்ததும் இதற்காகவே. கட்டுப்பாடு இழந்து அவை யூரோப்பாவிலோ என்செலடஸிலோ மோதினால், பூமிக் கிருமி அங்கே போய்ச் சேரக்கூடும். பிறகு நாம் தேடிப் போய்க் கண்டுபிடிப்பது நம் உறவினராகவே இருக்கும்.

இப்போது வழியில் இருப்பவை

ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2023 ஏப்ரலில் கிளம்பியது. 2031-ல் வியாழனை அடைந்து, முக்கியமாகக் கானிமீடை ஆராயும். நாசாவின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபர் 14 அன்று ஏவப்பட்டது. 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். வியாழனின் கடுமையான கதிர்வீச்சில் நெடுநேரம் தங்க முடியாது என்பதால் அது யூரோப்பாவைச் சுற்றாது. வியாழனைச் சுற்றிக்கொண்டே 49 தடவை யூரோப்பாவை நெருங்கிக் கடந்துபோகும். சில தடவை 25 கிலோமீட்டர் வரை நெருங்கும்.

அது உயிரைத் தேடும் கலம் அல்ல. உயிர் வாழத் தகுந்த சூழல் அங்கே இருக்கிறதா என்று பார்க்கும் கலம். அதன் ரேடார் பனியை ஊடுருவி, மேலோட்டுக்குள்ளேயே செறிநீர்ப் பைகள் எங்காவது சிக்கியிருக்கின்றனவா என்று தேடும். காந்தமானி கடலின் ஆழத்தையும் உப்பின் அளவையும் கணக்கிட உதவும். தூசியையும் வாயுவையும் பிடித்து என்ன சேர்மம் என்று பார்க்கும் கருவிகளும் அதில் உண்டு. ஆகவே 2030-க்குப் பிறகு யூரோப்பாவிலிருந்து வரும் செய்திகளில் முதலில் பனியின் கனம், கடலின் ஆழம், உப்பின் அளவு என்று எண்கள்தான் வரும். உயிரைத் தேடும் கருவியோடு அங்கே இறங்கும் கலத்தை எந்த இடத்தில் இறக்குவது என்பதை அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.